காரின் முன் பிரேக் பேட், டிஸ்க்: வீட்டில் மாற்றுவோர் அறிய வேண்டியவை

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் என்ஜின் எண்ணெயை மாற்றுகிறோம், டயருக்குக் காற்று பிடிக்கிறோம், ஏர்கோன் குளிர்கிறதா என்று பார்க்கிறோம். பிரேக் மட்டும் சத்தம் போடும் வரை யார் நினைவுக்கும் வருவதில்லை. சத்தம் வந்த பிறகும் “அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத்தில் தேய்ந்த பேட் டிஸ்க்கையும் அரித்துவிடும். பேட் மட்டும் வாங்க வேண்டிய இடத்தில் டிஸ்க்கும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

முன் சக்கர பிரேக் பேட்டையும் டிஸ்க்கையும் மாற்றுவது, கருவிகளைப் பிடித்துப் பழகியவர் வீட்டு வாசலில் அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். தோட்டத்திலும் தாமானிலும் மோட்டார் சைக்கிளைத் தாமே பிரித்து மாட்டும் பலருக்கு இது எட்டாத வேலை அல்ல. ஆனால் இது கதவுக் கைப்பிடி மாற்றுவது போன்றதும் அல்ல. ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் அதன் விலையைக் காரில் இருப்பவர்களும் எதிரே வருபவர்களும் கொடுக்க வேண்டியிருக்கும். எதை வீட்டில் செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும் என்ற இரண்டையும் இக்கட்டுரை சொல்கிறது.

மைவி, சாகா போன்ற நம் சாலைகளில் அதிகம் ஓடும் சிறிய கார்களில் உள்ள அமைப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். முன்னால் டிஸ்க், ஒரு பிஸ்டன் கொண்ட நகரும் கேலிப்பர் என்பது அந்த அமைப்பு.

எப்படி வேலை செய்கிறது?

பிரேக் மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெய் குழாய் வழியாகக் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உள்பக்க பேட்டை டிஸ்க் மீது அழுத்துகிறது. கேலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்கள் மீது நகரக்கூடியது என்பதால், அந்த அழுத்தத்தின் எதிர்விசை கேலிப்பரை உள்நோக்கி இழுத்து வெளிப்பக்க பேட்டையும் டிஸ்க்கோடு நெருக்குகிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பேட்களும் இறுக்கிப் பிடிக்க, வண்டியின் வேகம் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை, ஏறக்குறைய 70 விழுக்காட்டை, முன் சக்கரங்களே செய்கின்றன. முன் பேட் பின்பக்கத்தைவிட விரைவாகத் தேய்வதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் தேய்மானத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. செம்பனைத் தோட்டத்தின் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காரில், மழை நாளில் சேறும் வெயில் நாளில் தூசியும் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் புகுந்து கோடு கோடாகக் கீறும். நகரத்தில் நெரிசலில் நின்று நின்று போகும் கார், நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிட முன்னதாகவே பேட்டைத் தின்றுவிடும். ஆகவே இத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. அளந்து பார்ப்பதே சரியான வழி.

எப்போது மாற்ற வேண்டும்?

புதிய பேட்டின் உராயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இரும்புப் பின்தகட்டைச் சேர்க்காமல் அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அலாய் சக்கரமாக இருந்தால் ஆரங்களின் இடைவெளியில் டார்ச் விளக்கடித்து வெளிப்பக்க பேட்டைப் பார்த்துவிடலாம். உள்பக்க பேட் சில வேளைகளில் இன்னும் மெலிந்திருக்கும் என்பதால், டயர் மாற்றும்போதெல்லாம் அதையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

பிரேக்கே சில அடையாளங்களைச் சொல்லும்.

கிரீச் என்ற மெல்லிய கூர்மையான ஒலி தொடர்ந்து வந்தால், பேட்டில் பொருத்திய எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறது என்று பொருள். பேட் முடியப் போகிறது.

கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் பேட் தீர்ந்துவிட்டது. காரை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கினால், டிஸ்க் சீராகத் தேயாமல் தடிமன் மாறியிருக்கலாம், அல்லது நேராக உட்காராமல் இருக்கலாம்.

பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு பக்கக் கேலிப்பர் சிக்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

மிதி மெத்தென்று தரைவரை இறங்கினால் அது பேட் பிரச்சினை அல்ல. எண்ணெய் கசிவோ குழாயில் காற்றோ இருக்கலாம். இதை வீட்டில் சோதித்துக்கொண்டிருக்காமல் பட்டறைக்குத் தெரிவியுங்கள்.

இரவு மழையில் நின்ற காரின் டிஸ்க் மீது காலையில் மெல்லிய துரு தெரிவதும், முதல் சில பிரேக்குகளில் லேசாக உரசும் ஒலி வருவதும் நம் ஈரக் காற்றில் வழக்கமானவை. நாலைந்து முறை பிரேக் போட்டதும் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம்.

டிஸ்க்குக்குத் தனி அளவு உண்டு. அது குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பது அதன் ஓரத்திலோ நடுக் குமிழிலோ பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கின் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பைத் தவிர்த்து, பேட் உரசும் இடத்தில் மைக்ரோமீட்டர் கொண்டு பல இடங்களில் அளக்க வேண்டும். பொறித்த அளவைத் தொட்டுவிட்டாலோ, விரிசல் இருந்தாலோ, விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் இருந்தாலோ டிஸ்க்கையும் மாற்றுங்கள். மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது அது தெரியவரும்.

யார் வீட்டில் செய்யக்கூடாது?

சமதளமான கெட்டித் தரை இல்லாதவர் செய்ய வேண்டாம். லயத்து வாசல் மண் தரை, சரிவான சந்து, மழையில் ஊறிய புல்தரை ஆகியவற்றில் ஜேக் புதைந்து சாயும். அடுக்குமாடியில் குடியிருப்போர், கார் நிறுத்துமிடத்தில் இவ்வேலையைச் செய்ய நிர்வாகம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜேக் ஸ்டாண்ட் இல்லாதவரும் செய்ய வேண்டாம். காரோடு வரும் ஜேக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் கை, தலை எதையும் காருக்கடியில் நீட்டக்கூடாது.

டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக் மின்னணு முறையில் இயங்குகிறது. கதவைத் திறந்தாலே அமைப்பு தானாக அழுத்தம் ஏற்றும் வகைகள் உண்டு. கேலிப்பரில் விரல் இருக்கும்போது அப்படி நடந்தால் விரல் நசுங்கும். அத்தகைய கார்களைப் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள புதிய கார் என்றால், விற்பனை நிலையத்தில் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

முதல் தடவை செய்பவர், முன்பு செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது வேலைக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

பொருள் வாங்கும்போது

உதிரிப்பாகக் கடையில் “மைவிக்கு பேட் கொடுங்கள்” என்று கேட்டால் போதாது. மைவி 2005, 2011, 2017 என மூன்று தலைமுறைகளாக வந்துள்ளது. சாகாவும் 1985 முதல் பலமுறை மாறிவிட்டது. தயாரிப்பு ஆண்டு, என்ஜின் அளவு, சேசிஸ் எண் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டுபோங்கள். வாகனப் பதிவு விவரத்தைக் காட்டினால் கடைக்காரர் சரியான எண்ணைத் தேடித் தருவார். முடிந்தால் பழைய பேட்டைக் கழற்றிப் பார்த்த பிறகு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பேட், டிஸ்க் இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இடது பக்கம் மட்டும் புதிது, வலது பக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். புதிய டிஸ்க் போட்டால் பேட்டும் புதிதாகவே இருக்கட்டும். பழைய பேட் பழைய டிஸ்க்கின் கீறலுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அது புதிய டிஸ்க்கில் முழுதாகப் படியாது.

சந்தை விலையைவிட மிகக் குறைவாக, பெயர் தெரியாத பெட்டியில் வரும் பேட்டைத் தவிருங்கள். மாற்று பேட்களுக்கான ஐக்கிய நாடுகளின் விதிமுறை எண் 90. தரமான தயாரிப்பாளர்கள் பலர் அந்தக் குறியைப் பெட்டியிலும் பேட்டின் பின்தகட்டிலும் அச்சிடுகிறார்கள். பழைய இரும்புக் கடையில் கழற்றிய டிஸ்க்கை வாங்குவதானால் தடிமன் அளந்தே வாங்க வேண்டும். பழைய பேட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

தேவையான கருவிகள்

டிராலி ஜேக் ஒன்று, ஜேக் ஸ்டாண்ட் இரண்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை நான்கு. சக்கர நட்டுக்கான ஸ்பேனர், 12 முதல் 19 மில்லிமீட்டர் வரையிலான சாக்கெட்டுகள், நீண்ட கைப்பிடி. டார்க் ஸ்பேனர். பிஸ்டனைத் தள்ள சி-கிளாம்ப். கம்பித் தூரிகை. பிரேக் கிளீனர் திரவம் ஒரு டின். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ். கேலிப்பரைக் கட்டித் தொங்கவிட ஒரு துண்டுக் கம்பி. கையுறை, கண்ணாடி, முகக்கவசம்.

டார்க் ஸ்பேனர் விலை அதிகம் என்று நினைப்பவர் நண்பரிடமோ பட்டறையிலோ இரவல் வாங்கலாம். “கை அளவுக்கு இறுக்கினேன்” என்பது பிரேக் போல்ட்டுக்குப் போதாது. குறைவாக முறுக்கினால் கழன்றுவிடும், கூடுதலாக முறுக்கினால் மரை தின்றுவிடும். உங்கள் காருக்கான அளவுகள் பட்டறைக் கையேட்டில் இருக்கும். பல சிறிய கார்களில் சக்கர நட்டுக்கும் கேலிப்பர் தாங்கியின் போல்ட்டுக்கும் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். ஸ்லைடு பின் போல்ட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும். ஆகவே இரண்டையும் ஒரே பலத்தோடு முறுக்கக்கூடாது. வேலை தொடங்கும் முன்பே உங்கள் மாடலுக்கான எண்ணைத் தேடித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரைத் தூக்குதல்

ஓடி வந்த கார் என்றால் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் தோலை உரித்துவிடும்.

கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. இந்தக் கார்களில் ஆட்டோ கியரின் ‘பி’ நிலை பிடித்து வைத்திருப்பது முன் சக்கரங்களை. அவற்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் ‘பி’ நிலையால் பயனில்லை. கைப்பிரேக்கும் முட்டுக்கட்டையும்தான் காரைப் பிடித்து நிறுத்தும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைத் திருகல் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு இழுத்தால் கார் ஆடும். கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஜேக்கை வைத்துத் தூக்கி, ஜேக் ஸ்டாண்ட் மீது மெதுவாக இறக்குங்கள். காரை ஒரு முறை கையால் தள்ளிப் பாருங்கள். அசையக்கூடாது. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மற்றப் பக்கம் முழுதாக இருந்தால், எந்தத் தகடு எங்கே இருந்தது என்ற சந்தேகம் வரும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

கழற்றுதல்

முன் பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் கலனைப் பாருங்கள். பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது மீண்டும் ஏறும். இடையில் யாராவது எண்ணெய் ஊற்றி நிரப்பியிருந்தால் அது பொங்கி வழியும். பிரேக் எண்ணெய் வண்ணப்பூச்சை உரித்துவிடும். மட்டம் அதிகமாக இருந்தால் சுத்தமான ஊசிக்குழலால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

போல்ட்டுகள் கைக்கு எட்டும் பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கேலிப்பரின் பின்னால் இரண்டு சிறிய போல்ட்டுகள் இருக்கும். அவை ஸ்லைடு பின்களோடு சேர்ந்தவை. அவற்றைக் கழற்றிக் கேலிப்பரை உயர்த்தி எடுங்கள். அது ரப்பர் குழாயில் தொங்கக்கூடாது. கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் முறுக்கிக்கொண்டால் உள்ளே கிழிந்துவிடும். அது வெளியே தெரியாது, பிரேக் போடும்போதுதான் தெரியும். ஏபிஎஸ் உணரியின் மெல்லிய கம்பியும் அருகில் ஓடும், இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பேட்களை எடுங்கள். உள் பேட், வெளி பேட் எது என்று குறித்து வையுங்கள். டிஸ்க்கையும் மாற்றுவதானால் கேலிப்பர் தாங்கியை அவிழ்க்க வேண்டும். அது பின்னாலிருந்து இரண்டு பெரிய போல்ட்டுகளால் கட்டப்பட்டிருக்கும். இவை மிக இறுக்கமாக இருக்கும், நீண்ட கைப்பிடி இங்கேதான் உதவும். உடலின் முழுப் பாரத்தையும் போட்டு உலுக்காமல் சீராக இழுங்கள்.

டிஸ்க் துருவால் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். பல ஜப்பானிய வடிவமைப்புக் கார்களின் டிஸ்க்கில் 8 மில்லிமீட்டர் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டைத் திருகி, இரண்டையும் மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானே வெளியே வரும். ஹோண்டா கார்களில் டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு சிறு ஸ்குரூக்களை முதலில் எடுக்க வேண்டும்.

பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். அது நுரையீரலுக்குக் கேடு. பழைய பேட்களில் கல்நார் கலந்திருக்கவும் கூடும். பிரேக் கிளீனர் தெளித்து, நனைத்துத் துடைத்தெடுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாகம் சொல்லும் செய்தி

புதியதை மாட்டும் அவசரத்தில் பழையதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். நான்கு பேட்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரு பக்கத்தில் உள் பேட் மட்டும் மிக மெலிந்திருந்தால் ஸ்லைடு பின் சிக்கியிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்பிப் போகவில்லை. பேட் ஆப்பு வடிவில் சரிந்து தேய்ந்திருந்தாலும் பின்தான் காரணமாக இருக்கக்கூடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பேட்டைப் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

ஸ்லைடு பின்களை இழுத்துப் பாருங்கள். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். காய்ந்திருந்தால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில கார்களில் வெவ்வேறு வடிவம், இடம் மாற்றாதீர்கள்.

பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, ஈரமாக எண்ணெய் கசிந்திருந்தாலோ, ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலோ இங்கே நிறுத்திவிடுங்கள். கேலிப்பரைப் புதுப்பிப்பதும், காற்றை வெளியேற்றுவதும் இந்த வேலையில் சேராதவை. நம்மூரில் போமன் என்று அழைக்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

மாட்டுதல்

டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. அங்கே ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் டிஸ்க் மிகச் சிறிய அளவு சாய்ந்து சுழலும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். புதிய டிஸ்க் மட்டமானது என்று கடைக்காரர் மீது பழி விழும்.

புதிய டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். இரண்டு முகங்களையும் பிரேக் கிளீனர் கொண்டு துடையுங்கள். துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். பிறகு எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். டிஸ்க்கை ஹப்பில் வைத்து, இரண்டு சக்கர நட்டுகளால் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டால் ஆடாமல் நிற்கும்.

தாங்கியில் பேட் உட்காரும் இடங்களைத் துருவின்றித் தேய்த்து, உடன் வந்த புதிய கிளிப்புகளைப் போடுங்கள். தாங்கியை மாட்டி, இரண்டு பெரிய போல்ட்டுகளையும் டார்க் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு முறுக்குங்கள். முறுக்கிய போல்ட்டில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை.

பேட்டின் காதுகளில் மட்டும் கடுகளவு கிரீஸ் தடவலாம். உராயும் முகத்தில் படவே கூடாது. எச்சரிக்கைத் தகடு உள்ள பேட், பழையது எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே போக வேண்டும். உராயும் முகம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் மாற்றி மாட்டிய சம்பவங்களை எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள்.

எண்ணெய்க் கலனின் மூடியைத் தளர்த்திவிட்டு, பிஸ்டன் மீது பழைய பேட்டை வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். நேராகப் போக வேண்டும், சாய்ந்தால் நிறுத்திச் சரிசெய்யுங்கள். ஒருவர் கலனைக் கவனித்துக்கொண்டால் பொங்காது. கேலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் யாரும் பிரேக் மிதியைத் தொடக்கூடாது. பிஸ்டன் வெளியே குதித்துவிடும்.

கேலிப்பரைப் பேட் மீது இறக்கி, ஸ்லைடு பின் போல்ட்டுகளை அளவாக முறுக்குங்கள். ரப்பர் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் முன்பு இருந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசாக உரசினால் பரவாயில்லை, சிக்கக்கூடாது. சக்கரத்தை மாட்டி, அதே முறையில் மற்றப் பக்கத்தையும் முடியுங்கள். காரை இறக்கியபின் சக்கர நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள்.

நகர்த்துவதற்கு முன்

இந்தப் பத்தியை மட்டுமாவது மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் என்ஜினை இயக்கி, கியர் போடாமல், பிரேக் மிதியை மெதுவாகப் பலமுறை அழுத்துங்கள். முதல் சில அழுத்தலில் மிதி தரையைத் தொடும். உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வந்து பேட்டைத் தொடும் வரை பிரேக் இல்லை என்றே பொருள். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்தவர்கள் சுவரிலோ சாக்கடையிலோ போய் நின்றிருக்கிறார்கள். மிதி உயரமாகவும் கெட்டியாகவும் நிற்கும் வரை அழுத்துங்கள்.

பிறகு எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, தேவையானால் மூடியில் குறித்த வகையை மட்டும் ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 என்பன வழக்கமானவை. சிலிக்கோன் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கக்கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 வரை இறங்கக்கூடும். ஆகவே திறந்து பல மாதம் கிடந்த டின்னிலிருந்து ஊற்ற வேண்டாம். கையேடு வேறு சொல்லாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டறையில் முழு எண்ணெயையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் வாசலிலேயே நடை வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திப் பாருங்கள். கசிவு உண்டா என்று கேலிப்பரைச் சுற்றிப் பாருங்கள்.

புதிய பேட்டைப் பழக்குதல்

புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். பின்னால் வாகனம் இல்லாத அமைதியான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வரை மிதமாகப் பிரேக் போட்டுக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓட்டி மீண்டும் செய்யுங்கள். இப்படி எட்டு, பத்து முறை செய்த பின், பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டோடு தயாரிப்பாளர் தரும் குறிப்பு வேறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் 200 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்து, முன்வாகனத்தோடு கூடுதல் இடைவெளி விடுங்கள். நிறுத்தும் தூரம் இந்த நாட்களில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் டார்க் ஸ்பேனரால் சோதியுங்கள்.

ஓடி வந்தபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடிக்கிறது. மிதி மென்மையாகிவிட்டாலோ, மீட்டரில் பிரேக் விளக்கு எரிந்தாலோ ஓட்டுவதை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் பட்டறையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்த வேலையைத் தொழில் தெரிந்தவர் சரிபார்ப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

நீண்ட நாள் உழைக்க

கெந்திங், கேமரன் மலை இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள். குறைந்த கியரைப் பயன்படுத்தச் சொல்லும் அறிவிப்புப் பலகை அங்கே சும்மா வைக்கப்படவில்லை. மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதி தரையைத் தொடும். ஆட்டோ காராக இருந்தாலும் ‘எல்’ அல்லது ‘2’ நிலைக்கு மாற்றி என்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி இறங்குங்கள்.

வெள்ள நீரைக் கடந்து வந்தால், பாதுகாப்பான இடத்தில் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகச் சிலமுறை மிதித்து உலர்த்துங்கள். தோட்டச் சாலையில் ஓடும் காரின் சக்கர உட்பகுதியில் அப்பிய சேற்றை வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

மிஞ்சிய பிரேக் எண்ணெயைக் கால்வாயிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை இரும்புக் கடை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, மாற்றிய நாள், கிலோமீட்டர் கணக்கு, பேட்டின் பெயர், பழைய பேட்கள் தேய்ந்திருந்த அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ரசீதோடு காரிலேயே வையுங்கள். அடுத்த முறை பேட் எப்போது தீரும் என்று அந்தத் தாளே ஓரளவு சொல்லிவிடும். காரை விற்கும் நாளில் வாங்குபவரிடம் காட்டவும் அது உதவும்.